இடது காலுக்கு ஒரு காரணம், வலது தொடைக்கு வேறு காரணம்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 26. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால், மீதி நாள் பைக்கில் டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு அலைச்சல். இரண்டு மாதமாக இடது காலில் குடைச்சல். பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் வழியாகக் கட்டைவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. கட்டைவிரலும் பாதத்தின் மேல்பக்கமும் மதமதவென்று இருக்கின்றன. இருமினால், தும்மினால் உயிர் போகிறது. இது போதாதென்று வலது தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி குறைந்துவிட்டது. சில நேரம் அந்த இடம் தீப்பட்டது போல எரிகிறது. எம்ஆர்ஐ எடுத்ததில் 'எல்-4, எல்-5 டிஸ்க் பல்ஜ்' என்று வந்திருக்கிறது. ஜவ்வு விலகிவிட்டது, ஆபரேஷன்தான் என்று பயமுறுத்துகிறார்கள். மெடிக்கலில் கேட்டு நரம்பு மாத்திரை போடுகிறேன். நான் சைவம். மூன்று வருடமாக அசிடிட்டிக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ கூடியிருக்கிறேன். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். 26 வயதில் எனக்கு ஏன் இப்படி?

பி.கு.: என் அறை நண்பனுக்கு 29 வயது. நிறைய சிகரெட் பிடிப்பான். கொஞ்ச தூரம் நடந்தாலே பாதமும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கின்றன, நின்றால் விட்டுவிடுகிறது. கால்விரலில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறவில்லை. அவனுக்கும் டிஸ்க்தானா?

பதில்: தம்பி, கால் மரத்துப்போகிறது என்று ஒரே வரியில் எழுதாமல், வலி எங்கே தொடங்கி எந்த வழியாக எந்த விரலுக்குப் போகிறது என்று எழுதினீர்களே, அதில்தான் பாதி விடை இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு பேனாவைக் கொடுப்பேன். மரத்த இடத்தைச் சுற்றிக் காலிலேயே கோடு போடச் சொல்வேன். ஒவ்வொரு நரம்புக்கும் தோலில் அதனதன் எல்லை உண்டு. வயல் வரப்பு மாதிரி, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இன்னாருடையது என்று சொல்லிவிடலாம்.

சொற்களும் முக்கியம். நம்மிடம் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. குடைச்சல் என்றால் உள்ளுக்குள்ளிருந்து வருவது. மதமதப்பு என்றால் தொட்டால் கம்பளி மேல் தொட்டது போல உணர்வு மங்கியிருப்பது. எரிச்சல், எறும்பு ஊறல், ஊசி குத்தல் எல்லாம் நரம்பு எரிச்சலடைந்து கூவுகிற கூச்சல். 'பிடிக்குது' என்பது பெரும்பாலும் தசையின் புகார். சிலர் 'கால் மரத்துப்போச்சு' என்பார்கள். விசாரித்தால் உணர்ச்சி நன்றாகவே இருக்கும், காலைத் தூக்கத்தான் முடியாது. அது மரப்பு இல்லை, பலவீனம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வைத்தியமே தடம் மாறிவிடும்.

நீங்கள் எழுத்தால் வரைந்த வரைபடத்தைப் பார்க்கிறேன். இடது காலில் ஒன்று, வலது தொடையில் ஒன்று. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் பயந்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இடது காலை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல்: இது இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேரின் எல்லை. அடுத்த வேர் கெட்டிருந்தால் சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்திருக்கும். நான்காவது வேர் என்றால் முழங்காலும் கெண்டையின் உட்பக்கமும். இருமும்போது வலி பாய்வது இன்னொரு தடயம். இருமினால், தும்மினால், முக்கினால் முதுகுத்தண்டின் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் நரம்பு வேர் அப்போது அலறும். பிட்டத்துத் தசைக்குள் மட்டும் நரம்பு நசுங்கியிருந்தால் இருமல் இவ்வளவு படுத்தாது. பின்பாக்கெட்டில் கனத்த பர்ஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆனால் குற்றவாளி அது இல்லை.

உங்கள் ஸ்கேனில் சொல்லியிருக்கும் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாக உரசுவது இதே ஐந்தாவது வேரைத்தான். அதாவது வரைபடமும் படமும் ஒத்துப்போகின்றன. அதனால்தான் அந்த ரிப்போர்ட்டை நான் பொருட்படுத்துகிறேன். ஒத்துப்போகாவிட்டால் தூக்கி ஓரமாக வைத்திருப்பேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு பல்ஜ், அதாவது பிதுக்கம். யாருக்கும் எந்த வலியும் கிடையாது. 'பல்ஜ்' என்ற சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிதுக்கம் இடது பக்கமாக இருக்கிறதா, வேரைத் தொடுகிறதா என்று மட்டும் படத்தை வைத்து உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜவ்வு விலகிவிட்டது என்றார்களே, டிஸ்க் எங்கேயும் விலகிப்போய்விடாது. எலும்போடு ஒட்டிய வளையம் அது. வெளியே நார், உள்ளே கூழ். நாரில் விரிசல் விழுந்தால் கூழ் பிதுங்கும். நரம்பை அழுத்துவதோடு, கூழிலுள்ள ரசாயனங்கள் பட்டும் நரம்பு வீங்கும். 26 வயதில் ஏன் என்று கேட்டீர்கள். இளவயது டிஸ்க்கில் நீர்ச்சத்து நிறைய இருக்கும், அழுத்தினால் பிதுங்கும். அறுபது வயதுக்காரருக்கு அது காய்ந்துவிடும். அவருக்கு வருவது குழாயே குறுகிப்போகிற வேறு தொந்தரவு. ஆகவே இது வயதானவர்களின் நோய் உங்களுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட கதை இல்லை. உங்கள் வயதுக்கும் அதற்கடுத்த இருபது ஆண்டுகளுக்கும் உரிய நோய்தான் இது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கூடிய எடையும், மணிக்கணக்கில் உட்காருவதும், சாம்பிள் மூட்டையைக் குனிந்து திரும்பித் தூக்குவதும் மீதியைச் செய்திருக்கும்.

வீட்டில் பெரியவர்கள் வாயு என்று சொன்னால் சிரிக்காதீர்கள். 1934-ல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க்தான் நரம்பை அழுத்துகிறது என்று எழுதும்வரை, மேல்நாட்டு டாக்டர்களும் குளிர், வாதம் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எழுந்து நின்று ஒன்று செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலில் மட்டும் ஊன்றி, முன்பாதங்களைத் தூக்கிப் பத்தடி நடங்கள். சுவர் பக்கமாகவே நடங்கள். இடது பாதம் மட்டும் 'தப்' என்று விழுந்தால், அல்லது இடது கட்டைவிரலை மேலே தூக்கி யாராவது விரலால் அழுத்தும்போது எதிர்த்துத் தள்ள முடியாமல் போனால், நரம்பு உணர்வை மட்டுமல்ல, பலத்தையும் இழக்கிறது என்று பொருள். அப்படியானால் இந்தப் பதிலில் மீதியைப் பிறகு படிக்கலாம். நாளைக்கே ஒரு நரம்பியல் மருத்துவரையோ முதுகுத்தண்டு அறுவை மருத்துவரையோ பாருங்கள். இரண்டு காலும் சமமாக நடந்தால் நிதானமாக மேலே படியுங்கள்.

எந்த நிலையிலும் காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. முதுகுத்தண்டின் கீழ்முனையில் நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாகத் தொங்கும். அந்தக் கொத்து முழுவதும் நசுங்கினால் சைக்கிள் சீட்டில் படுகிற இடங்கள், அதாவது ஆசனவாயைச் சுற்றியும் பிறப்புறுப்பும், மரத்துப்போகும். சிறுநீர் முட்டியும் வராது, அல்லது தெரியாமல் போய்விடும். மலம் அடக்க முடியாது. அது ராத்திரி இரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை மறைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க டியூபோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அது எதுவும் இல்லையென்றால், ஆபரேஷன் என்ற பேச்சு இப்போதைக்கு அவசரம். பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. 2007-ல் நெதர்லாந்தில் இதே வலியால் கடுமையாக அவதிப்பட்ட 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறுபாதிக்குக் காத்திருந்து பார்ப்பது. அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, உண்மைதான். ஆனால் ஒரு வருடம் கழித்துக் கேட்டால் இரண்டு பாதியிலும் சுமார் 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டோம் என்றார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனவே பலம் குறையாதவரை இது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட முடிவு. இன்னும் ஒரு மாதம் பார்த்தும் தூங்கவும் வேலை செய்யவும் முடியாத வலி என்றால் அறுவையைப் பற்றி யோசிப்பதில் தப்பே இல்லை.

அதுவரை படுத்தே கிடக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் படுக்கை ஓய்வு கெடுதலே செய்யும். அரைமணிக்கு ஒருமுறை சீட்டைவிட்டு எழுந்து ஃபுளோரில் ஒரு சுற்று நடங்கள். பையர் மெயிலை நின்றுகொண்டே படியுங்கள். வலி அனுமதிக்கும் அளவுக்குத் தினமும் நடை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் இரு முழங்காலுக்கு நடுவில். பைக் அலைச்சலை ஒரு மாதத்துக்குக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள், முடிந்தால் பஸ். உடற்பயிற்சியை வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்கள் முதுகை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் வளைந்தால் கால்வலி இடுப்பை நோக்கிச் சுருங்குகிறதோ அந்தப் பயிற்சியைக் கொடுப்பார். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொள்வதில் பயனில்லை. முதுகில் குழந்தையை ஏறி மிதிக்கச் சொல்வது, முரட்டுத்தனமாக முறுக்கி நெட்டி எடுப்பது, இரண்டும் இப்போது வேண்டவே வேண்டாம். எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம், சுகமாக இருக்கும்.

அடுத்து அந்த நரம்பு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டால் பெரும்பாலும் பிரிகாபலினோ கேபாபென்டினோ, வைட்டமின் பி12-ன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினோடு சேர்ந்து வரும். பிரிகாபலின் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் போகிறீர்கள். சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் முதுகிலிருந்து காலுக்கு இறங்குகிற இந்த வலிக்கு, வெறும் மாவு மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. வாரக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். அதே அட்டையில் பைரிடாக்சின், அதாவது பி6, எவ்வளவு என்றும் பாருங்கள். உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் போதும். சில மாத்திரைகளில் 50, 100 என்று இருக்கிறது. மாதக்கணக்கில் அளவுக்கு மீறிப் போனால் பி6 தானே நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரக்க வைக்கும். நரம்புக்காகச் சாப்பிட்டது நரம்பைத் தின்னும். வலி மாத்திரைகள் விஷயத்திலும் கவனம். ஏற்கெனவே வயிறு எரிகிறவர் நீங்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

சைவம், மூன்று வருட அசிடிட்டி மாத்திரை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமான வரி. பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் கிடைக்கும், கீரையிலும் பருப்பிலும் இல்லை. கிடைப்பதையும் உணவிலிருந்து பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை இரண்டு வருடத்துக்கு மேல் அடக்கிவைப்பவர்களுக்குக் குறைபாடு வர வாய்ப்பு கூடுதல். அது ஒரு காலை மட்டும் பிடிக்காது. சாக்ஸ் போட்ட மாதிரி இரண்டு பாதமும் சமமாக மதமதக்கும். நாக்கு வழவழப்பாகிப் புண்ணாகும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் தள்ளாடுவார். உங்கள் இடது காலுக்கு அது காரணமில்லை என்றாலும் ரத்தத்தில் பி12 பார்த்துவிடுங்கள். 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் ஊசியோ மாத்திரையோ கண்டிப்பாக வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் மெத்தில்கோபாலமின் சாப்பிட்டிருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், லேபில் சொல்லிவிடுங்கள். அதே ரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும் பார்க்கட்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வுக் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். இருபதுகளில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா என்றும் அப்படியே கேளுங்கள்.

இனி வலது தொடை. டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறேன். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கென்றே ஒரு நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு தசைநார்ப் பட்டைக்கு அடியில் நுழைந்து வருகிறது. இறுக்கமான ஜீன்ஸ், இடுப்பை அறுக்கிற பெல்ட், வயிற்றில் ஏறிய சதை, எது அழுத்தினாலும் அந்த நரம்பு எரியும். கர்ப்பிணிகளுக்கும் வரும். தோலுக்கு மட்டுமான நரம்பு என்பதால் காலின் பலம் துளியும் குறையாது. மனோதத்துவத்துக்குப் போவதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்டுக்கும் இதே தொந்தரவு இருந்தது. 1895-ல் தன் தொடையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதிவிட்டார்! ஒன்பது கிலோ கூடியும் பழைய அளவு பேன்ட்டையே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். பனியன் ஊரில் இருந்துகொண்டு ஒரு தளர்வான டிராக் பேன்ட்டுக்கா பஞ்சம்? பெல்ட்டைத் தளர்த்துங்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அடங்கும்.

அதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்துத் தோலைப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ சிவந்தோ இருக்கிறதா? முடி உதிர்ந்திருக்கிறதா? வியர்க்கிறதா? நிறம் மாறி உணர்ச்சியும் இல்லாத தேமல் என்றால் தொழுநோயை நினைக்க வேண்டும். ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் இன்னும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் முழுக் குணம். சீக்கிரம் பார்த்தால் கை கால் முடங்காது. தோல் சாதாரணமாக இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

உங்கள் வயதுக்காரர்களிடம் நான் பார்க்கிற மற்றவையும் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண், கட்டிலில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தாள். டயட் என்று பட்டினி கிடந்து 12 கிலோ வேறு குறைத்திருந்தாள். ஒருநாள் எழுந்தால் பாதம் தூக்க வரவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பு முடிச்சைச் சுற்றி வருகிற நரம்பு நசுங்கியிருந்தது. எடை வேகமாகக் குறையும்போது நரம்புக்கு மெத்தையாக இருந்த கொழுப்பும் போய்விடும். இரண்டரை மாதத்தில் சரியாயிற்று. குந்தி உட்கார்ந்து களையெடுப்பவர்களுக்கும், கழிப்பறையில் செல்போனோடு அரைமணி உட்காருபவர்களுக்கும் கால் மரப்பதும் நரம்பு நசுங்குவதால்தான். காலையில் எழுந்ததும் முதுகு அரைமணிக்கு மேல் விறைத்துக் கிடந்து, நடமாடினால் இளகினால், பிட்டவலியும் பக்கம் மாறி மாறி வந்தால், அது டிஸ்க் இல்லை. முதுகெலும்பு மூட்டு வாதம். இளைஞர்களிடம் பல வருடம் டிஸ்க் என்றே தப்பாக வைத்தியம் நடக்கும். சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம், ராத்திரியில் கூடும் முதுகுவலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்பு டிபியைத் தேட வேண்டும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்துபோன சில வாரத்துக்குள் இரண்டு பாதமும் மரத்து, பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினால் கில்லன் பாரே என்ற நரம்பு நோய். 2025 ஜனவரியில் புனேயில் பரவியபோது பேப்பரில் படித்திருப்பீர்கள். அதுவும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பெண் வீட்டாரிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. முதுகில் பிதுக்கம், வைத்தியம் நடக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். தாம்பத்தியத்துக்கோ குழந்தைக்கோ இது தடை இல்லை.

கடைசியாக உங்கள் நண்பர். கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பின்குறிப்புதான். நடந்தால் பிடிப்பதும், நின்றால் விடுவதும், ஆறாத விரல்புண்ணும் நரம்புக் கதை இல்லை. கீழே ரத்தம் போகவில்லை. 45 வயதுக்குக் கீழே புகை பிடிக்கிறவர்களுக்குக் கால், கை விரல்களின் சிறு ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும் புர்கர் நோய் இருக்கிறது. நம் நாட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிற இளைஞர்களிடம் நிறையவே பார்க்கிறோம். பாதத்தின் மேல்பக்கமும், உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். உங்கள் காலில் கிடைக்கிற துடிப்பு அவர் காலில் கிடைக்காமல் போகலாம். புகையிலையை முழுசாக நிறுத்தினால்தான் இது நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைப்பது உதவாது, ஹான்ஸ், குட்கா என்று மாறுவதும் உதவாது. நிறுத்தாதவர்களுக்கு விரல், அப்புறம் பாதம் என்று எடுக்க வேண்டி வரும். உங்களுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம், அவருக்குப் பொறுக்காது. இந்த வாரமே லீவு போட்டு, ரத்தக்குழாய் அறுவைப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அந்தப் புண்ணை அவர் வெந்நீரில் முக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.